நம்பகமான காரா, நயமான காரா? குடும்ப செடான் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்ட், மஸ்டா 6, நிசான் தியானா, ஃபோக்ஸ்வேகன் பசாட். மலேசியாவில் குடும்பத்துக்கு ஏற்ற நடுத்தர அளவு செடானைத் தேடினால் இந்தப் பெயர்கள்தான் மாறி மாறி வரும். புதிய கார் விற்பனையில் எஸ்யூவிகள் முந்திக்கொண்டாலும் பழைய கார் சந்தையில் இவற்றைத் தேடுவோர் இன்னும் இருக்கிறார்கள்.

தேடத் தொடங்கியதும் வீட்டில் விவாதமும் தொடங்கும். "ஜப்பான் காரே எடு, பத்து வருஷம் கவலை இல்லாம ஓட்டலாம்" என்பார் ஒருவர். "பசாட்ல ஒரு தடவை உட்கார்ந்து பாரு, வெளிச் சத்தமே கேட்காது" என்பார் இன்னொருவர்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரண்டையும் எப்படி எடைபோடுவது?

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்?

நம்பகத்தன்மை என்றால், முறையாக சர்வீஸ் செய்துவரும் கார், எதிர்பாராத பழுது இல்லாமல் எத்தனை ஆண்டு ஓடும் என்பது. டயர், பிரேக் பேட், பேட்டரி ஆகியவை தேயும் பொருள்கள். எந்தக் காராக இருந்தாலும் அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். கியர்பாக்ஸ், எஞ்சின், ஏசி கம்ப்ரசர் போன்றவை முன்கூட்டியே கைவிடுகின்றனவா என்பதே கேள்வி.

நயம் என்று இங்கே சொல்வது, கார் எவ்வளவு அமைதியாகவும் மென்மையாகவும் ஓடுகிறது என்பதை. கார் துறையினர் இதைச் சத்தம், அதிர்வு, முரட்டுத்தனம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். மேடுபள்ளத்தில் "டொம்" என்று அடிக்கிறதா, கியர் மாறுவது உடம்பில் தெரிகிறதா, 110 கிலோமீட்டர் வேகத்தில் பின்னிருக்கையோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்பதெல்லாம் இதில் அடக்கம்.

நயத்தை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சுமார் 330 கிலோமீட்டர். முதுகுவலி உள்ள அம்மாவும் வாந்தி எடுக்கும் குழந்தையும் பின்னால் இருக்கும்போது, குலுங்காத கார் என்ன வித்தியாசத்தைத் தரும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஓட்டுநரின் களைப்பும் குறையும்.

ஒப்பிடுவது ஏன் சிரமம்?

நயத்தை 20 நிமிட டெஸ்ட் டிரைவில் உணர்ந்துவிடலாம். கதவை மூடும் சத்தத்திலேயே பாதி மனம் மாறிவிடும்.

நம்பகத்தன்மை அப்படி இல்லை. புதிய கார் எல்லாமே முதல் நாள் நன்றாகத்தான் ஓடும். வித்தியாசம் தெரிவது ஆறாவது, ஏழாவது ஆண்டில். அதனால்தான் ஷோரூமில் நயம் எளிதாக ஜெயித்துவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம்.

9 ஆண்டுக் கடன், 5 ஆண்டு உத்தரவாதம்

மலேசியாவில் கார் கடனை 9 ஆண்டுவரை இழுக்கலாம். புதிய கார்களுக்குப் பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் 5 ஆண்டு.

மாதக் கணக்கில் பாருங்கள். கடன் 108 மாதம். உத்தரவாதம் 60 மாதம். மீதி 48 மாதத்துக்குத் தவணையும் உங்களுடையது, பழுதுச் செலவும் உங்களுடையது.

ஓர் எடுத்துக்காட்டு: 150,000 ரிங்கிட் கார், 10 விழுக்காடு முன்பணம், 135,000 ரிங்கிட் கடன். ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 1,590 ரிங்கிட். அந்த 48 மாதங்களில் மட்டும் 76,000 ரிங்கிட்டுக்கு மேல் கட்டுவீர்கள். அந்தக் காலத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டால், நின்றுபோன காருக்கும் தவணை கட்டிக்கொண்டே பழுதுக்குப் பணம் தேட வேண்டிவரும்.

5 ஆண்டில் காரை மாற்றிவிடுவது உங்கள் வழக்கமா? அப்படியானால் இந்த 48 மாத ஆபத்து உங்களுக்குக் குறைவு. நயமான காரை நிம்மதியாகவே எடுக்கலாம். ஆனால் விற்கும்போது கிடைக்கும் விலை, மீதமுள்ள கடனை அடைக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நயம் எங்கிருந்து வருகிறது?

"நயமான கார் சீக்கிரம் கெட்டுப்போகும்" என்பது பாதி உண்மைதான். எந்த வழியில் அந்த நயம் கிடைத்தது என்பதைப் பொறுத்தது அது.

நம்பகத்தன்மையைப் பாதிக்காதவை:

- ஒலி தடுக்கும் கண்ணாடி, கதவுகளிலும் தரையிலும் கூடுதல் ஒலித்தடுப்பு
- நல்ல இருக்கைகள்
- சக்கரங்களுக்கு இடையே அதிக நீளம்

இவற்றில் பழுதாக ஒன்றும் இல்லை.

காலப்போக்கில் தேய்பவை:

- அதிர்வை உறிஞ்சும் எஞ்சின் மவுண்ட்
- சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்கள்

புதிதில் கார் மென்மையாக இருப்பதற்கு இவை முக்கியக் காரணம். சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரலாம். செலவு உண்டு, ஆனால் எதிர்பார்த்துத் திட்டமிடலாம்.

ஆபத்தைக் கூட்டக்கூடியவை:

- சிறிய டர்போ எஞ்சின். குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைப்பதால் அமைதியாக ஓடும். ஆனால் வெப்பமும் பாகங்களும் அதிகம். எஞ்சின் எண்ணெயை நேரத்துக்கு மாற்றாவிட்டால் தாங்காது.
- எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை. பெட்ரோல் வால்வின் மேல் படாததால் அங்கே கரி படியலாம். டொயோட்டாவின் புதிய 2.5 லிட்டர் எஞ்சினில் இரண்டு வகை ஊசிகளும் உண்டு என்பதால் இந்தச் சிக்கல் குறைகிறது.
- உலர் வகை இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நெடுஞ்சாலையில் அருமையாக இருக்கும். ஜாமில் நின்று நின்று ஊர்வதுதான் அதற்கு ஆகாது.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன், 7 வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் உள்ள சுமார் 1.6 மில்லியன் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்தது. கியர்பாக்ஸில் இருந்த செயற்கை எண்ணெயால் மின் கோளாறு ஏற்படக்கூடும் என்பது காரணம். எண்ணெய் மாற்றிக் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு தொடக்கத்தில் சீனாவிலும் இந்த கியர்பாக்ஸுக்காகப் பெரிய அழைப்பு நடந்தது.

இதனால் எல்லா பசாட்டும் மோசம் என்று ஆகிவிடாது. மலேசியாவில் விற்ற பசாட்டிலேயே 1.8 லிட்டர் ரகத்தில் உலர் கிளட்ச், 2.0 லிட்டர் ரகத்தில் எண்ணெயில் மூழ்கிய ஈர கிளட்ச். ஈர வகை வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆகவே "பசாட் எப்படி?" என்று கேட்பதைவிட "எந்த கியர்பாக்ஸ் உள்ள பசாட்?" என்று கேளுங்கள். நீங்கள் தினமும் கூட்டரசு நெடுஞ்சாலை ஜாமில் ஒரு மணி நேரம் ஊர்பவர் என்றால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

ஜப்பான் கார் என்றாலே போதுமா?

போதாது. நிசான் தியானா நல்ல உதாரணம். சோபா போன்ற இருக்கை, வழுக்கிக்கொண்டு போகும் சிவிடி கியர்பாக்ஸ் என்று நயத்துக்குப் பெயர் வாங்கிய கார். 2014-இல் இங்கே வந்த தியானாவும் அமெரிக்காவில் விற்ற அல்டிமாவும் அடிப்படையில் ஒரே கார். அங்கே 2013 முதல் 2016 வரையிலான அல்டிமாவின் சிவிடி குறித்து எழுந்த வழக்குகளுக்குப் பிறகு, அந்த கியர்பாக்ஸின் உத்தரவாதத்தை 84 மாதம் அல்லது 84,000 மைல் வரை நிசான் நீட்டித்தது.

நம்பகமான பெயரைப் பெற்ற நிறுவனங்களும் தப்பவில்லை. டக்காட்டா காற்றுப்பைக் கோளாறில் ஹோண்டா, டொயோட்டா உட்படப் பல நிறுவனங்களின் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கார் "நிற்காமல் ஓடும்" என்பதும் "பாதுகாப்பானது" என்பதும் வேறு வேறு. பழைய கார் வாங்கினால், அதன் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பாக்கியுள்ள அழைப்பு ஏதாவது உண்டா என்று அந்த நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். மாற்றிக் கொடுப்பது இலவசம்.

மறுபக்கம், நயமும் நம்பகமும் ஒன்றாகக் கிடைக்கும் கார்களும் இருக்கின்றன. மஸ்டா 6-இல் டர்போ இல்லாத 2.0, 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் வழக்கமான 6 வேக ஆட்டோ கியர்பாக்ஸும் கிடைத்தன. தொழில்நுட்பம் எளிமையானது, ஓட்டம் நயமானது. டொயோட்டாவின் ஹைப்ரிட் முறை இன்னொன்று. அதில் கிளட்சும் இல்லை, வழக்கமான சிவிடி பெல்ட்டும் இல்லை. ஜாமில் மின்மோட்டாரிலேயே சத்தமில்லாமல் நகரும். பழைய கேம்ரி ஹைப்ரிட் பார்க்கிறீர்கள் என்றால் பேட்டரியின் நிலையைப் பரிசோதித்து, மாற்று பேட்டரியின் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்நாட்டிலும் ஒரு தேர்வு உண்டு. 2016-இல் வந்த புரோட்டான் பெர்டானா, எட்டாம் தலைமுறை அக்கார்டின் அடித்தளத்தில், ஹோண்டாவின் எஞ்சினோடு கட்டப்பட்டது. தொழில்நுட்பம் பழையதுதான். ஆனால் பல பட்டறைகளுக்குப் பழகிப்போன ஒன்று.

வெளிநாட்டுத் தரவரிசைகளை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எதை அளக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு.

அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஒரு கருத்தாய்வு, கார் வாங்கிய முதல் 90 நாள்களைப் பற்றியது. இன்னொன்று 3 ஆண்டு ஆன கார்களைப் பற்றியது. இரண்டுமே 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்று எண்ணுகின்றன. தொலைபேசி ப்ளூடூத்தில் சேராததும் ஒரு குறை, கியர்பாக்ஸ் நின்றுபோனதும் ஒரு குறை. உங்கள் கவலை 7-ஆவது ஆண்டைப் பற்றியது என்றால், 90 நாள் பட்டியல் பெரிதாக உதவாது.

பருவநிலையும் கணக்கில் வரும். ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயோடு கலப்பதாக வந்த புகார்கள் குளிர்ப் பகுதிகளில்தான் அதிகம். எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுவது ஒரு காரணம். நம் நாட்டில் பிரச்சினை வேறு: வெயில், ஈரப்பதம், ஜாம். அதனால் அமெரிக்கப் பட்டியலோடு, இதே மாடலை இங்கே 5 ஆண்டுக்கு மேல் ஓட்டியவர்களிடமும் உங்கள் பகுதிப் பட்டறையிலும் கேட்பது நல்லது.

பழைய கார்: மலிவான விலை என்ன சொல்கிறது?

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. மலேசியாவில் ஐரோப்பிய செடான்களின் மறுவிற்பனை விலை, ஜப்பானிய செடான்களைவிட வேகமாக இறங்குகிறது. விளைவு, அதே வயது கேம்ரியைவிட நயமான கார் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. "இந்த விலைக்கு இப்படி ஒரு காரா!" என்று தோன்றும்.

பழுது வரலாம் என்ற பயத்தைச் சந்தை ஏற்கெனவே கழித்துவிட்டதால்தான் அந்த விலை. அந்தக் கழிவு உங்களுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

கற்பனைக் கணக்கு ஒன்று போடுவோம். 6 ஆண்டு ஆன இரண்டு கார்கள். எளிய எஞ்சின் உள்ளது 75,000 ரிங்கிட். நயமானது 55,000 ரிங்கிட். வித்தியாசம் 20,000. இரண்டையும் 7 ஆண்டுக் கடனில், 4 விழுக்காடு நிலையான வட்டியில் வாங்கினால், நயமான காருக்கு மாதம் சுமார் 305 ரிங்கிட் தவணை குறையும்.

இந்த 20,000 ரிங்கிட் உங்கள் கையில் இருக்கும் பணம் இல்லை. நீங்கள் வாங்காத கடன். பழுது வந்தால் பட்டறை கேட்பது ரொக்கம். மாதம் 305 ரிங்கிட்டைத் தனியாகப் போட்டு வைத்தால் ஓராண்டில் 3,660 ரிங்கிட் சேரும். மூன்றாவது மாதமே பெரிய பழுது வந்தால் அதுவும் போதாது. ஆகவே நயமான பழைய காரை எடுப்பதாக இருந்தால் இரண்டும் வேண்டும்: தொடக்கத்திலேயே ஒதுக்கிய ஒரு தொகை, மாதாமாதம் சேமிப்பு.

எவ்வளவு ஒதுக்குவது? அந்த மாடலைப் பார்க்கும் இரண்டு பட்டறைகளிடம் மூன்று விலை கேளுங்கள்:

- கியர்பாக்ஸ் பெரிய பழுது
- ஏசி கம்ப்ரசர்
- சஸ்பென்ஷன் முழு செட்

மூன்றில் எது அதிகமோ, குறைந்தது அந்தத் தொகையாவது ஒதுக்கி வைக்க முடிந்தால் அந்தக் காரைப் பற்றி யோசிக்கலாம். முடியாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது. பழைய காருக்கு 5 ஆண்டு உத்தரவாதமும் முடிந்திருக்கும் என்பதால், 84 மாதக் கடன் முழுவதுமே உங்கள் பொறுப்பில்தான் ஓடும்.

சாலை வரியையும் சேர்த்துப் பாருங்கள்

இங்கே டர்போ கார்களுக்கு ஒரு சாதகம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரிலுள்ள பெட்ரோல் செடானுக்குச் சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. 1.5 லிட்டர் டர்போ அக்கார்டுக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். 2.0 லிட்டர் காருக்கு ஏறக்குறைய 380. 2.5 லிட்டர் கேம்ரிக்கு 860 ரிங்கிட்டுக்கு மேல்.

9 ஆண்டுக்கு அக்கார்டுக்கும் கேம்ரிக்கும் சுமார் 7,000 ரிங்கிட் வித்தியாசம். கவனிக்க வேண்டிய தொகைதான். ஆனால் ஒரு பெரிய பழுது வந்தால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடலாம்.

உங்களுக்கு எது பொருந்தும்?

நம்பகத்தன்மைக்கு முதலிடம் கொடுங்கள்:

- வீட்டில் ஒரே கார்தான் என்றால். பள்ளிக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் அதுவே என்றால், இரண்டு வாரம் பட்டறையில் கிடப்பதன் செலவு பழுது பில்லோடு முடியாது. வாடகைக் காருக்கான கட்டணமும் எடுக்கும் விடுப்பும் அதில் சேரும்.
- 7, 9 ஆண்டுக் கடன் போட்டு, கடைசிவரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால்.
- அந்த மாடலைத் தெரிந்த பட்டறை உங்கள் ஊரில் இல்லை என்றால்.
- தவணை கட்டிய பிறகு கையில் சேமிப்பு மிஞ்சுவதில்லை என்றால்.

நயத்துக்கு முதலிடம் கொடுக்கலாம்:

- உத்தரவாதம் முடிவதற்குள் மாற்றிவிடுவீர்கள் என்றால்.
- வீட்டில் இன்னொரு கார் இருந்தால்.
- வாரம் தவறாமல் நீண்ட தூரம் ஓட்டுபவர் என்றால், அல்லது உடல்நலம் குன்றிய பெரியவர்கள் அடிக்கடி உடன் வந்தால்.
- பழுதுக்கென்று ஒதுக்கிய பணம் உண்மையிலேயே இருந்தால்.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்ப்பது?

- எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள்.
- 10 நிமிடம் ஜாமில் ஓட்டுங்கள். மெதுவாக நகரும்போது கார் துடிக்கிறதா, உதறுகிறதா என்று கவனியுங்கள்.
- நெடுஞ்சாலையில் 110 வரை போங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள்.
- ஒரு சுற்று நீங்கள் பின்னிருக்கையில் உட்காருங்கள். குடும்பம் உட்காரப் போவது அங்கேதான்.
- பழைய கார் என்றால் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்பது முக்கியம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் காரை ஏற்றிப் பார்க்கவும், கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்யவும் விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்தக் காரை மறந்துவிடலாம்.

சத்தம் பற்றி இன்னொரு விஷயம். நெடுஞ்சாலையில் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு டயரிலிருந்து வருவது. கேம்ரியோ அக்கார்டோ சத்தமாக இருப்பதாகத் தோன்றினால் டயர் தேய்ந்திருக்கிறதா, காற்றழுத்தம் சரியா என்று முதலில் பாருங்கள். அமைதியான ரக டயர் நான்கு போட்டு, தேய்ந்த புஷ்களை மாற்றினாலே நல்ல வித்தியாசம் தெரியும். இப்படி நயத்தில் ஒரு பகுதியைப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம். கியர்பாக்ஸின் உறுதியை அப்படிப் பிறகு வாங்க முடியாது.

பிரச்சினை வந்தால் எங்கே போவது?

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். நியாயமான காலம் உழைப்பதும் அதில் அடங்கும். வணிகர் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில், அதாவது டிடிபிஎம்-இல், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

கார் விற்பனை நிலையத்தில் வாங்கியிருந்தால்தான் இது பொருந்தும். தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கிய காருக்குப் பொருந்தாது. ரசீது, சர்வீஸ் பதிவு, பட்டறை அறிக்கை, விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

சுருக்கமாக

கடன் எந்த மாதம் முடிகிறது, உத்தரவாதம் எந்த மாதம் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இடைப்பட்ட மாதங்களில் வரக்கூடிய ஒரு பெரிய பழுதுக்கு உங்களிடம் பணம் இருக்குமா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் தேறும் கார்களை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டு, அவற்றில் எது நயமாக ஓடுகிறதோ அதை எடுங்கள். இந்த வரிசையை மாற்றி, முதலில் ஓட்டிப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்துவிட்டுப் பிறகு கணக்குப் போட உட்கார்ந்தால், கணக்கை நம் விருப்பத்துக்கு ஏற்ப வளைக்கத்தான் தோன்றும்.